வேதம் வாசிக்கும் மனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் மட்டுமல்ல, முழு மனதோடும் தேவனிடத்தில் அன்புகூர வேண்டும் என்று இயேசு கற்பித்ததை மாற்கு 12:30இல் வாசிக்கிறோம். ஆனாலும், சிந்திப்பது விசுவாசத்துக்கு வெளியே உள்ள வேலை என்பது போலவே நம்மில் பலருடைய வேத வாசிப்பு நடக்கிறது. சபையின் வாலிபர் வேதபாட வகுப்பை நடத்தும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்வதைக் காண்கிறேன். தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது, கைபேசியைப் பக்கத்தில் வைத்திருப்பது முதலானவற்றை ஆயர்கள் வேண்டிய அளவு சொல்லியிருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுப்பது

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கான வாக்காக ஒரு வசனம் அச்சிட்ட அட்டை, எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. அட்டை எடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த அட்டையோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வதுதான் இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது.

எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவிக்கு எரேமியா 29:11 கிடைத்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரியை அவள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள். நீட் தேர்வில் தேறி மருத்துவ இடம் கிடைத்துவிடும் என்பதே அதன் பொருள் என்று வீட்டார் அனைவரும் நம்பினார்கள். இடம் கிடைக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "உனக்கு விசுவாசம் போதவில்லை, பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் பல மாதங்கள் அந்தப் பிள்ளை வேதத்தைத் திறக்கவே இல்லை.

அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லாமற்போனதே என்று இன்றும் வருந்துகிறேன். அது கி.மு. 597இல் யூதாவின் ராஜாவான எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி சொன்ன இனிப்பான பொய் முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியாவோ, பதினோராம் வசனத்துக்கு நேர் முன்னால், எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்மூடப் போகிறவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார். நினைத்தது கைகூடும் என்ற உறுதி அங்கே இல்லை. இழப்பு நீண்டாலும் அவர் தம் ஜனத்தை மறக்கவில்லை என்ற உறுதி இருக்கிறது. தேர்வில் தோற்ற பிள்ளைக்குத் தேவைப்பட்டது அதுவே அல்லவா?

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பற்றியது. அதை எழுதிய பவுல் அப்போது கட்டுண்டிருந்தார்.

புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551இல் வந்தவை. கடிதத்தை எழுதினவர் எண் போட்டு எழுதவில்லை. ஆகவே எண்களைப் பொருட்படுத்தாமல் பகுதி முழுவதையும் வாசித்து, யார், யாருக்கு, எந்த நெருக்கத்தில் சொன்னது என்று நோட்டில் எழுதிய பிறகே "எனக்கு என்ன?" என்று கேளுங்கள்.

கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்று எண்ணுவது

பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. ஆபகூக் தீர்க்கதரிசி கர்த்தரிடமே கேள்வி கேட்டு முறையிட்டான். வகுப்பில் ஒரு தம்பி கை தூக்கினால், தயவுசெய்து அவனை அடக்காதீர்கள்.

அதிகாரக் கணக்குப் பார்ப்பது

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன, ஓட்டப்பந்தயம் வேண்டாம்.

பிரசங்கம் கேட்பதோடு நிறுத்துவது

கேட்டதை அன்றிரவே நீங்களே வாசித்துப் பாருங்கள்.

உதிரி வசனங்களையே மனப்பாடம் செய்வது

ஞாயிறு பள்ளி வசனப் போட்டி நல்ல பயிற்சிதான். ஆனால் பெரியவர்களான பின்பும் அதே அளவில் நிற்கக் கூடாது. ஆறே வசனங்கள் கொண்ட முதலாம் சங்கீதத்தை முழுதாக மனப்பாடம் செய்யுங்கள்; அடுத்து பிலிப்பியர் 2:1–11. ஒவ்வொரு வசனமும் முந்தினதோடு எப்படிச் சேர்கிறது என்று சத்தமாகச் சொல்ல முடிந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.