கிழிந்த துணியைத் தைப்பதா, மாற்றுவதா? முதலில் ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள்

ஒரு பேண்ட்டின் முழங்காலில் விழுந்த ஓட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன். நெருக்கமான தையல், கெட்டியான நூல், எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை துவைத்து எடுத்தால் ஒட்டு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த துணி வட்டமாகக் கிழிந்து ஒட்டைத் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறது. தையலில் ஒரு குறையும் இல்லை. ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

அதனால் இப்போதெல்லாம் ஊசியை எடுப்பதற்கு முன்னால் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்க்கிறேன். கிழிந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வெளிச்சம் ஊடுருவி வருகிறது என்று பாருங்கள். அதே உடையில் தேயாத ஒரு இடத்தோடு, உதாரணமாக கீழ் மடிப்புக்குப் பக்கத்தில் உள்ள துணியோடு, ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும். ஓட்டை கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் நைந்த பகுதி உள்ளங்கை அளவுக்கு இருக்கும். அப்புறம் நைந்த இடத்தின் இரண்டு பக்கமும் பிடித்து மிதமாக இழுத்துப் பாருங்கள். தாங்கினால் தைக்கலாம். இழை அறுகிற மெல்லிய சத்தம் கேட்டால், அந்தத் துணி உங்கள் ஊசிக்கும் தாங்காது.

இந்தச் சோதனையே தேவைப்படாத வேலைகள் சில உண்டு. தையல் பிரிந்தது, கீழ் மடிப்பு அவிழ்ந்தது, பட்டன் விழுந்தது, எலாஸ்டிக் தளர்ந்தது, இதெல்லாம் பெரும்பாலும் துணியின் கோளாறே இல்லை. இதற்காக ஒரு உடையைத் தூக்கிப் போடுவதை நான் சோம்பல் என்றுதான் சொல்வேன் (நானும் போட்டிருக்கிறேன்).

தையல் பிரிந்த இடத்தை உள்பக்கம் திருப்பி, பிரிந்த இடத்துக்கு 2 செ.மீ. முன்னாலேயே தொடங்கி 2 செ.மீ. தாண்டி முடியுங்கள், பிரிந்த அளவுக்கு மட்டும் தைத்தால் அடுத்த வாரம் அதன் நுனியிலிருந்து மறுபடி பிரியும். ஊசியை முன்னால் எடுத்து, மறுபடி முந்தைய தையல் முடிந்த இடத்துக்கே திரும்பி வந்து குத்தி, இப்படி ஒவ்வொரு தையலையும் முந்தையதோடு இணைத்துக்கொண்டே போக வேண்டும். நூல் 45 செ.மீ. போதும். அதற்கு மேல் நீளமாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும், பாதி நேரம் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும். நூல் துணியைவிட வலுவாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இழுபடும்போது எது அறுந்தாலும் நூல் முதலில் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், துணி அறுந்தால் என்ன செய்வது?

பட்டனைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்துவிட்டுப் பட்டன் துளைக்குள் நுழையவில்லையே என்று மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. தைக்கும்போது பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாகவே நூலை ஓட்டித் தையுங்கள். முடித்ததும் குச்சியை உருவிப் பட்டனை மேலே தூக்கினால் அடியில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளியில் நூலை நாலைந்து சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் பட்டனுக்கு ஒரு சின்னக் காம்பு வந்துவிடும். பட்டன் துணியையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தால் பின்னால் ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்து அதோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

ஜிப் மூடிய பிறகு பின்னாலேயே திறந்துகொண்டே வந்தால் பல்லில் கோளாறு இருப்பது குறைவு, மேலும் கீழும் ஓடுகிற அந்த ஓட்டிதான் வாய் பிளந்திருக்கும். சின்னக் குறடால் அதன் இரு ஓரங்களையும் மாறி மாறிக் கொஞ்சமாக அழுத்துங்கள், ஒரே அழுத்தாக அழுத்தினால் உடைந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் ஆகாது. எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மடிப்பில் சின்னதாகப் பிரித்து, பழையதை உருவும்போதே அதன் நுனியில் புதியதை ஊக்கால் மாட்டிவிட்டால் உள்ளே தானாகப் போய்விடும்.

சரி, இப்போது ஒட்டுக்கு வருவோம். இதில்தான் எல்லோரும், என்னையும் சேர்த்து, சொதப்புகிறோம்.

ஒட்டுக்கு எடுக்கும் துணி பழையதாக, பல முறை துவைத்ததாக இருக்க வேண்டும். புதுப் பருத்தித் துணி முதல் சில துவைப்புகளில் சுருங்கும், சுருங்கும்போது உங்கள் உடையையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும். கனமும் முக்கியம், உடையின் துணி அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் லேசாகவோ இருக்கலாம், தடிமனாக இருக்கவே கூடாது. மெலிந்த துணியில் தடிமனான ஒட்டு, என் முழங்கால் கதைதான். நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் உடையில் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் ஒட்டையும் வெட்டுங்கள், குறுக்காக வெட்டினால் இழுபட்டுக் கோணலாகும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூரான மூலை முதலில் பிரியும்.

அளவை ஓட்டையிலிருந்து கணக்கிடாதீர்கள். ஜன்னலில் பார்த்தீர்களே, அந்த நைந்த பகுதி முடியும் இடத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, நல்ல துணியில் போய் ஒட்டின் ஓரம் உட்கார வேண்டும். நைந்த பகுதியின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டால் வசதி. ஒட்டை உள்பக்கம் வைத்து ஊக்கு குத்தி நிறுத்தி, ஓரத்தை மட்டும் சுற்றித் தைக்காமல், நைந்த பகுதி முழுக்க வரிசை வரிசையாகச் சின்னத் தையல் ஓட்டுங்கள். வரிசைகளுக்கு நடுவே அரை செ.மீ. இருந்தால் போதும். ஒரு வரிசையைக் கொஞ்சம் நீளமாகவும் அடுத்ததைக் கொஞ்சம் குட்டையாகவும் முடியுங்கள், எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும், அஞ்சல் தலையை ஓட்டை வரிசையில் கிழிப்பதுபோல. நூலை இறுக்கி இழுக்க வேண்டாம், துணி சுருங்காமல் படுத்திருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஜீன்ஸ் தொடைப் பக்கம் உரசி நைவது எல்லோருக்கும் நடக்கிறது. ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் மறுபக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் தயாராகக் காத்திருக்கும், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவது நல்லது. இரண்டு காலுக்கும் நடுவே தையல்கள் கூடுகிற தடித்த இடத்தின் மேல் ஒரே ஒட்டாகப் போடாமல் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டால் உட்காரும்போது உறுத்தாது. மெஷினில் தைப்பதாக இருந்தால் 90 அல்லது 100 எண் ஊசி போடுங்கள். இன்னும் ஓட்டை விழவில்லை, வெள்ளை இழை தெரிய ஆரம்பித்திருக்கிறது என்கிற கட்டத்திலேயே ஒட்டை வைத்துவிட்டால் பாதி வேலைதான், வெளியே தெரியவும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்தில் யார் பார்க்கிறோம்.

ஆணியில் மாட்டி ‘ட’ போலக் கிழிவது வேறு விஷயம். அங்கே துணி நல்ல துணி, அதனால் தைத்தால் நிற்கும். ஒரே நிபந்தனை, துவைப்பதற்கு முன் தைத்துவிடுங்கள், கிழிசலோடு தண்ணீரில் போட்டால் ஓர இழைகள் உதிர்ந்து இரண்டு விளிம்பும் சேராமல் போய்விடும்.

டி-ஷர்ட் மாதிரிப் பனியன் துணிகள் நெய்தவை இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியவை. ஒரு கண்ணி அறுந்தால் மேலும் கீழும் ஓடும். எனவே முதலில் மெல்லிய ஊசியால் ஓட்டையைச் சுற்றி அறுந்து நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக நூலில் கோர்த்துப் பிடியுங்கள், பிறகு மெதுவாகச் சேருங்கள். தையல் தளர்வாக இருக்க வேண்டும், துணி நீளும்போது நூல் நீளாது. சாக்ஸ் குதிகாலுக்குள் ஒரு பழைய குண்டு பல்பை விட்டுக்கொண்டு, நீளவாக்கில் இழைகளை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று பாய் முடைவதுபோல ஊசியை விட்டு எடுத்தால் ஓட்டை இருந்த இடத்தில் புதுத் துணியே உருவாகும். பொறுமை இருக்கிறவர்களுக்கு. நான் இரண்டு ஜோடிக்கு மேல் செய்ததில்லை.

சட்டைக் காலர் மடிப்பில் தேய்ந்திருந்தால், காலர் அதன் கீழ்ப் பட்டையோடு சேரும் தையலை மட்டும் பிரித்து, காலரைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி செருகித் தைக்கலாம், தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும். காலர் நுனியில் பட்டன் துளை உள்ள சட்டைகளுக்கு இது அவ்வளவு சரிவராது.

எதை விட்டுவிடலாம்? உடை முழுக்க ஒரே சீராக மெலிந்திருந்தால் ஒட்டுக்குப் பிடித்துக்கொள்ள இடமே இல்லை. எலாஸ்டேன் கலந்த துணி நீண்டது நீண்டபடி நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் அந்த மீள் இழைகள் செத்துவிட்டன, அதை எந்தத் தையலும் மீட்காது. மடிப்பு மடிப்பாக வெடிக்கும் பழைய பட்டில் ஊசி குத்தின துளையே அடுத்த கிழிசல். இன்னொன்று, கிழிவதற்கு முன்பே நீங்கள் போடாமல் வைத்திருந்த உடையைத் தைத்த பிறகும் போடமாட்டீர்கள், அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

மாற்றாகப் புதிது வாங்கும்போதும் அதே ஜன்னல் சோதனைதான். புதிதாக இருக்கும்போதே வெளிச்சம் தாராளமாக வந்தால் அது சீக்கிரம் நையும். உள்ளே திருப்பித் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், தாராளமாக விட்டிருந்தால் பின்னால் பிரித்துத் தைக்கவும் வழி இருக்கும்.

தூக்கிப் போடுவதற்கு முன் பட்டன்களை வெட்டி ஒரு நூலில் கோர்த்து வையுங்கள், ஜிப் நன்றாக இருந்தால் அதையும் பிரித்தெடுங்கள். சட்டையின் அடிப்பகுதி, பேண்ட்டின் கணுக்கால் பகுதி இதெல்லாம் பெரும்பாலும் தேயாமலே இருக்கும், ஒட்டுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆரம்பத்தில் சொன்ன, ஒட்டைத் தனியாகத் தொங்கவிட்ட அந்தப் பேண்ட்டின் கீழ்க்கால் துணி இப்போது இன்னொரு பேண்ட்டின் முழங்காலுக்கு உள்பக்கம் இருக்கிறது, இந்த முறை அதன் ஓரம் பென்சில் கோட்டுக்கு வெளியே.