மகளைத் தரம் 1இல் சேர்த்த அனுபவம்

இலங்கையில், கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறம். ஜனவரி 31க்கு மகளுக்கு 5 வயது நிரம்புவதால், நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சையில்தான் என் பிழை விளங்கியது. பாதி இடங்கள் வசிப்பிடப் பிரிவுக்குத்தான் (பாடசாலைக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைகளுக்கு), ஆனால் வீட்டுக்கு அதைவிடக் கிட்ட இருக்கிற ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி கழியும். எங்களுக்கு அப்படி மூன்று பாடசாலைகள். வசிப்பிடத்துக்குப் புள்ளி போடப் பார்க்கிற வாக்காளர் இடாப்பிலும் இரண்டு வருசம் என் பெயர் விடுபட்டிருந்தது. இடம் கிடைக்கவில்லை. மனுசி இரவிரவாய் அழுதா.

பிறகு பக்கத்துப் பாடசாலைக்குப் போனேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு எத்தனை பேர் தோற்றினவை, எத்தனை பேர் 200க்கு 70க்கு மேல் எடுத்தவை என்று அதிபரிடம் கேட்டேன். வெட்டுப்புள்ளி தாண்டிய ஒரு பிள்ளையின் படத்தை வைத்துப் பாடசாலையை எடைபோடக் கூடாது. பதிலைவிட வகுப்பறைதான் என்னை மாற்றியது: ரீச்சர் பாயில் இருந்து, ஒரு பெடியனின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதுவித்துக்கொண்டிருந்தா. 18 பிள்ளைகள், எல்லாரின் பெயரும் அவவுக்குத் தெரியும்.

அங்கேயே சேர்த்தேன். கிராம சேவகரிடம் போய் இடாப்பையும் சரிசெய்துவிட்டேன். அடுத்து மகன் இருக்கிறான்.