பென்டாக்ஸ் கே1000: குறைந்த செலவில் நல்ல லென்ஸ் வாங்குவது எப்படி?

பாடி கிடைத்துவிட்டது, லென்ஸ் இல்லை. பழைய கே1000 வாங்கும் பலரும் வந்து நிற்கும் இடம் இது. 1976 முதல் 1997 வரை தயாரான ஃபிலிம் கேமரா. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். இத்தனை காலம் விற்றதால் இதற்குப் பொருந்தும் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கின்றன. எதை வாங்கக் கூடாது என்று தெரிந்தாலே பாதிக் காசு மிச்சம்.

1. மவுண்ட்டைப் பாருங்கள்

மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பிடி. உங்களுக்குத் தேவை பென்டாக்ஸ் 1975-இல் கொண்டுவந்த கே மவுண்ட். ரிக்கோ, சினான், கொசினா, விவிடார் பெயர்களிலும் இதே மவுண்ட்டில் லென்ஸ்கள் வந்திருக்கின்றன. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ரிக்கோவின் ரிக்கெனான் 50 மி.மீ. எஃப்/2 மலிவு, படமும் கூர்மை. (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் ஒளித் துளை பெரிது.)

லென்ஸில் அபெர்ச்சர் வளையம், அதாவது அந்த ஒளித் துளையின் அளவை மாற்றும் வளையம், கட்டாயம் இருக்க வேண்டும். டிஜிட்டல் காலத்து டிஏ வரிசையில் அது கிடையாது. மாட்டினால் மாட்டும், ஆனால் கிளிக் செய்யும்போது அபெர்ச்சர் கடைசி வரை மூடிக்கொள்ளும். வளையத்தில் பச்சை ‘ஏ’ (ஆட்டோ) குறி உள்ள லென்ஸ் தாராளமாக வாங்கலாம், அந்தக் குறியில் மட்டும் வைக்காதீர்கள். கேனன் எஃப்டி லென்ஸ் யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இதற்குச் சரிப்படாது.

2. முதலில் 50 மி.மீ. எஃப்/2

எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப்/2. பென்டாக்ஸ் லென்ஸ்களிலேயே மிக மலிவானவற்றில் ஒன்று. ‘எஃப்/1.4 வாங்கு, அதுதான் கெத்து’ என்று சொல்ல நண்பர்கள் இருப்பார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், நல்ல வெயில். எஃப்/16-இல் ஷட்டர் ஏறக்குறைய 1/500 விநாடி. இந்த கேமராவின் அதிகபட்ச வேகம் 1/1000, அதில் எஃப்/11 வரைதான் திறக்க முடியும். உச்சி வெயிலில் எஃப்/1.4-ம் உதவாது, எஃப்/2-ம் உதவாது. இருட்டில்? இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரண்டு மடங்கு. எஃப்/1.4-இல் 1/60 என்றால் எஃப்/2-இல் 1/30, கையை ஆட்டாமல் பிடித்தால் சமாளிக்கலாம். மிச்சமாகும் பணத்துக்கு ஃபிலிம் வாங்குங்கள். இன்றைய விலையில் உண்மையான செலவு அங்கேதான்.

3. வாங்கும் முன் சோதனை

இந்தப் படியில் மட்டும் அவசரம் வேண்டாம். நல்ல பெயருள்ள கெட்ட லென்ஸைவிடப் பெயர் தெரியாத சுத்தமான லென்ஸ் எவ்வளவோ மேல்.

அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ்களில் சகஜம். ஓரத்தில் துளி இருந்தால் படத்தில் தெரியாமல் போகலாம், ஆனால் வளரும், கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கையும் அரிக்கும். பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி இந்த லென்ஸின் விலையையே தாண்டிவிடக்கூடும். முழுக்கப் புகை படிந்ததுபோல் மங்கலாக இருந்தாலும் வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறலையும் மன்னிக்கலாம், பின் கண்ணாடியில் கூடாது.

அடுத்து, வளையத்தை எஃப்/16-இல் வைத்துப் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டு விடுங்கள். அபெர்ச்சர் இலைகள் சட்டென்று மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, படமெல்லாம் வெளுத்துவரும். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பேரம் பேச இதுவே நல்ல காரணம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் விளம்பரத்தின் தலைப்பை நம்பாதீர்கள். மேலே ‘மின்ட்’ (புத்தம் புதுசு மாதிரி) என்று முழங்கிவிட்டுக் கீழே பொடி எழுத்தில் ‘லேசான ஃபங்கஸ்’ என்று எழுதும் கலை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து என்றால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. இரண்டாவது லென்ஸ்

சில ரோல்கள் முடியட்டும். ‘இன்னும் பின்னால் போக இடமில்லையே’ என்று அடிக்கடி தோன்றினால் 28 மி.மீ. எஃப்/2.8 அல்லது எஃப்/3.5. முகங்களை நெருக்கமாக எடுக்க ஆசை என்றால் 135 மி.மீ. எஃப்/3.5. இந்த 135-ஐ இப்போது தேடுபவர் குறைவு, அதனால் தரத்துக்கு விலை மிகக் குறைவு. கையில் பிடித்து எடுத்தால் ஷட்டரை 1/250-க்குக் கீழே இறக்காதீர்கள். எம் வரிசையின் 50 எஃப்/2, 28 எஃப்/2.8, 135 எஃப்/3.5 மூன்றுக்கும் 49 மி.மீ. ஃபில்டரே பொருந்தும், ஒன்று வாங்கினால் போதும்.

5. எம்42 வழி (விருப்பம் இருந்தால்)

கே மவுண்ட்டுக்கு முந்தைய திருகு மவுண்ட் எம்42. மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரையான தூரம் இரண்டுக்கும் ஒன்றே, 45.46 மி.மீ. அதனால் சின்ன அடாப்டர் ஒன்றைப் போட்டு பென்டாக்ஸின் பழைய டகுமர் 55 மி.மீ. எஃப்/1.8, ரஷ்ய ஹீலியோஸ் 44-2 போன்றவற்றை மாட்டலாம். அடாப்டர் மவுண்ட்டுக்கு உள்ளேயே அடங்கிவிட வேண்டும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தொலைவில் உள்ளவை ஃபோகஸ் ஆகாது. டகுமரில் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்சை எம்-இல் வையுங்கள், இல்லையென்றால் அபெர்ச்சர் மூடாது. முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு அபெர்ச்சரை மூடி மீட்டர் முள்ளைப் பாருங்கள். சில டகுமர்களில் கண்ணாடி மஞ்சளடித்திருக்கும், தோரியம் கலந்த கண்ணாடி அது. புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் மஞ்சள் குறையும்.

6. முதல் ரோல்

புது லென்ஸோடு நேராகக் கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரே காட்சியை முழுத் திறப்பிலும் எஃப்/8-லும் எடுத்து எண்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கட்டடம் ஒன்றையும் ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டியில் (∞ குறியில்) வைத்து எடுங்கள். கழுவி வந்ததும் எஃப்/8 படங்கள் மட்டும் வெளுத்திருந்தால் அபெர்ச்சரைச் சந்தேகப்படுங்கள். தூரத்துக் கட்டடம் மங்கலாக இருந்தால் அடாப்டரை, அடாப்டரே இல்லையென்றால் லென்ஸை.