கொண்டை படுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்

வெளிநாடு சென்ற குடும்பமொன்று கொடுத்துவிட்டுப் போன காக்கடீல் கிளி, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்தது. கையை நீட்டினால் சீறும். உச்சியிலுள்ள இறகுக் கொண்டை தலையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பயந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் கூண்டை மாற்றினேன். யன்னலோரத்தில் கடலோர ரயிலின் கூவலும் காகங்களும் அதை நிம்மதியாக இருக்க விடவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், என் கண் மட்டத்துக்கு வைத்தேன். பக்கத்தில் அமர்ந்து, அதை உற்றுப் பார்க்காமல் பத்திரிகையை உரக்க வாசித்தேன். எங்கள் வீட்டில் அரசியல் செய்தியைப் பொறுமையாகக் கேட்டது அது மட்டும்தான்.

வேலையை முடித்தது தினைக் கதிர். கூண்டுக் கம்பி வழியாகக் கிளியின் நெஞ்சு மட்டத்தில் நீட்டினேன். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். கால்களை நகர்த்தாமல் கழுத்தை மட்டும் நீட்டி, ஒரு மணியைக் கொத்திக்கொண்டு பின்வாங்கியது. போகப் போக, அது என் கைக்குக் கிட்ட வரட்டும் என்று தினைக் கதிரைக் குட்டையாகப் பிடித்தேன். கொண்டை படுத்தால் உடனே எழுந்து போய்விடுவேன். துவாயால் சுற்றிப் பிடித்துப் பழக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணா. மருந்து கொடுக்க வேண்டுமானால் சரி, சிநேகத்துக்கு அது சரிவராது.

இப்போது காலுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் விரலை வைத்தால் ஏறிவிடுகிறது. தலையைக் குனிந்து பிடரியைச் சொறியக் கேட்கிறது. அம்மாவைக் கண்டால் இன்னும் சீறல்தான். அவரும் தினை வாங்கி வைத்திருக்கிறார்.