தொட்டுப் பார்க்கத் தூண்டும் ஆய்வுப் போஸ்டர்: முதல் முறை செய்பவர்களுக்கு

கான்ஃபரன்ஸில் ‘சிறந்த இன்டராக்டிவ் போஸ்டர்’ என்று தனிப் பரிசு இருக்கிறது என்றதுமே, டச் ஸ்கிரீன் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கிற பிஎச்.டி. மாணவர்கள் உண்டு. அதெல்லாம் தேவையில்லை. நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, வந்து நிற்பவர் கை எதையாவது செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

படி 1: ஒரு வாக்கியம்

2019-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பிஎச்.டி. மாணவராக இருந்த மைக் மாரிசன், யூடியூபில் ஒரு கார்ட்டூன் வீடியோ போட்டார். போஸ்டரின் நடுவில் கண்டுபிடிப்பை மட்டும் எளிய மொழியில் பெரிதாக எழுதுங்கள், விவரங்களை ஓரங்களுக்குத் தள்ளுங்கள், கீழே கியூஆர் கோடு வையுங்கள் என்பதே அதன் சாரம். நடுப்பகுதியை அந்த அளவுக்குக் காலியாக விடுவது எனக்கு ஒப்பவில்லை. வாக்கியத்தோடு ஒரு படமும் வேண்டும். மற்றபடி அவர் சொன்னது சரி.

கடலோரக் கிணறுகளைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். “நிலத்தடி நீரின் உவர்ப்பு மாறுபாடு: ஓர் ஆய்வு” என்பது வெறும் தலைப்பு. “இறைக்க இறைக்கக் கிணற்றில் உப்பு ஏறுகிறது” என்பதுதான் கண்டுபிடிப்பு. இரண்டாவதை நடுவில் போடுங்கள்.

படி 2: கைக்கு வேலை

வெற்றி தோல்வி இங்கேதான். போஸ்டரில் நெஞ்சு உயரத்தில் ஒரு நீளக் கோடு வரையுங்கள்: 0 முதல் 3000 வரை டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்தம்) அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில். மேலே ஒரு கேள்வி: “எந்த அளவைத் தாண்டினால் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை?” பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வருகிறவர் தன் ஊகத்தில் ஒரு பொட்டை ஒட்டட்டும்.

கோட்டுக்குக் கீழே, மேல் விளிம்பில் மட்டும் டேப் போட்டு ஒட்டிய சார்ட் அட்டை மூடி. தூக்கினால் விடை: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் வரம்பு 500; வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2000 வரை. அதன் பக்கத்திலேயே உங்கள் கிணறுகளில் எடுத்த அளவுகள். ஊகம் சொன்னவர் விடை தெரியாமல் நகரமாட்டார். யாரும் சொல்லாமலே பொட்டுகள் ஒரு வரைபடமாகக் குவிவது தனி வேடிக்கை. முன்னால் வந்தவர் எங்கே ஒட்டினார் என்று எட்டிப் பார்ப்பதற்கே ஆள் நிற்கும்.

மூடியை வீட்டிலேயே ஐம்பது முறை திறந்து மூடிப் பாருங்கள். டேப் விட்டுப்போனால் துணி டேப்புக்கு மாறுங்கள்.

படி 3: அளவு, அச்சு

ஏ0 தாள் என்றால் 841 × 1189 மி.மீ. பவர்பாயிண்டில் முதல் வேலையாக ஸ்லைடு அளவை இப்படி மாற்றுங்கள். எல்லாம் அடுக்கிய பிறகு மாற்றினால் படங்கள் இழுபடும். போர்டு நெட்டுவாக்கா, குறுக்குவாக்கா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு முன் ஏ4-ல் ஒரு பிரிண்ட். 24 புள்ளி எழுத்து அதில் 6 புள்ளியாகத் தெரியும்; அதைப் படிக்கத் திணறினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கடைக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், ஃபான்ட்டை உட்பொதித்து. இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று வந்து நிற்கும்.

படி 4: கியூஆர் கோடு

வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் வெற்றிடம். ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய வேண்டுமானால் சுமார் 10 செ.மீ. அகலம் வையுங்கள். கோடு திறப்பது கூகுள் டிரைவ் லிங்க் என்றால் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அனுமதியைக் கொடுத்து, நண்பர் போனில் சோதியுங்கள். கியூஆர் கோடுக்குப் பக்கத்தில், அதில் என்ன இருக்கிறது என்று, “கிணறுகளின் வரைபடம்” என்பதுபோல எழுதுங்கள். எதற்கென்று தெரியாத கியூஆர் கோடை யாரும் ஸ்கேன் செய்வதில்லை.

படி 5: நிற்பது

போஸ்டரை மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள். நடுவர் வந்ததும் மூச்சுவிடாமல் ஒப்பிக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு பொட்டைக் கொடுத்து, “சார், நீங்களும் ஒரு ஊகம் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். அவர் மூடியைத் தூக்கிய பிறகு, ஒரு நிமிடத்தில் முடிகிற விளக்கம் போதும். கடைசியில் பொட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் இரண்டாம் சுற்று வருவதும் உண்டு, அதனால் முடிவு அறிவிக்கும்வரை போஸ்டரைக் கழற்றாதீர்கள்.