வலிக்கிற கைக்குத் தடித்த கலம்

ஆந்திரா பக்கம் நகரியில் பதினெட்டு வருஷம் ஜாக்கெட் தைத்தேன். முடக்குவாதம் வந்ததும் முதலில் போனது கத்தரிக்கோல் பிடி. ஊரில் பாதிப் பேர் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். எலும்பு முறிந்தால் அங்கே போகலாம். மூட்டு வீங்கிக் கிடக்கிறவளுக்கு என்ன கட்டுவார்கள்? வாரம் ஒருநாள் மாத்திரை ஓடுகிறது. கூடவே கலம்காரி போடுகிறேன், கலம் என்கிற மூங்கில் பேனாவால் துணியில் வரைகிற படம். வரைவது மாத்திரைக்குப் பதில் இல்லை, அதை நிறுத்திவிடாதீர்கள். வரைகிற நேரம் புத்தி விரலை விட்டுக் கோட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிசு.

பென்சில் வேண்டாம். மெல்லிசாக எதைப் பிடித்தாலும் இறுக்கத் தோன்றும், இறுக்கினால் கட்டைவிரலின் அடிமூட்டு கொல்லும். காளஹஸ்திக் கலம்காரிக்காரர்கள் வைத்திருக்கும் கலம் நமக்கு ஏற்றது. கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே துணிச் சுற்று, அதன்மேல் நூல்கட்டு. சுற்று மையைக் குடித்து வைத்திருக்கும். லேசாக அமுக்கினால் நுனிக்கு இறங்கும். நான் பிடிக்கிற இடத்தில் பழைய வேட்டிக் கிழிசலை இன்னும் நாலு சுற்று சுற்றி, பிஞ்சுக் கத்தரிக்காய் பருமனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விரலைப் பாதி மடக்கினால் போதும்.

துணி ஒரு சாண் அளவு போதும். கஞ்சி போகத் துவைத்து, எருமைப்பாலில் கலந்த கடுக்காய்த் தூளில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை பரவாது. கறுப்பு மைக்குக் கசிமி: பழைய ஆணி, பனைவெல்லம், தண்ணீர், ஒரு பானை. மூன்று வாரம் போலப் புளிக்கட்டும். நாற்றத்துக்குப் பயந்து அத்தை அதைக் கொல்லைப்பக்கம் துரத்திவிட்டார். கடுக்காய்த் துணியில் பட்டதும் இரும்பு கறுத்துக்கொள்ளும்.

எனக்குக் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. அதனால் பதினோரு மணிக்கு மேல்தான், கையை வெந்நீரில் வைத்து எடுத்துவிட்டு உட்காருவேன். தரையில் உட்காராதீர்கள், முழங்கை மேஜையில் படிய வேண்டும். போனில் இருபது நிமிஷம் அலாரம். அடித்ததும் பாதிக் கோட்டிலும் நிறுத்த வேண்டும்.

இதில் நான் தோற்றது வலிக்கிற நாளில் இல்லை, வலிக்காத நாளில். ஒரு தை மாதம் கை லேசாக இருந்ததென்று மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் மயில் போட்டேன். அப்புறம் நாலு நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை. நல்ல நாளிலும் அதே இருபது நிமிஷம்தான். கலம்காரியில் ஒவ்வொரு சாயத்துக்கும் துணி காய வேண்டும், அலச வேண்டும்; ஓய்வு வேலையிலேயே இருக்கிறது. மாத்திரை போட்ட மறுநாள் தலை கனக்கும், அன்று கலத்தைத் தொடுவதில்லை.

முதல் நாள் சாமி படமெல்லாம் வேண்டாம். நான் நகரி மூக்கு மலையைப் போட்டேன். கடலில் வந்த கப்பல்காரர்களே அடையாளத்துக்குப் பார்த்த மலை, கை நடுங்கினாலும் மூக்கு தெரிந்துவிடும். முதலில் புளியங்குச்சிக் கரியால் வரையுங்கள். பிடிக்காவிட்டால் தட்டிவிடலாம், கசிமியைத் தட்ட முடியாது.

அலசிப் பிழிவதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். எங்கள் வீட்டுக்காரர்தான் பிழிகிறார். நகக்கண்ணில் கறுப்பு ஏறி, தறிக்கூடத்தில் கேலி கேட்டுக்கொண்டு வருகிறார்.