மைக்ரோவேவ் பழுது: மேக்னட்ரான் மீது பழி போடுவதற்கு முன்

போன வாரம், வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் ஒருவன் மைக்ரோவேவ் ஒன்றின் மூடியைக் கழற்றிய கையோடு, "அண்ணா, மேக்னட்ரான் போச்சு" என்றான். மேக்னட்ரான் என்றால் உணவைச் சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம். பையன் மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "சூடாகலையே!" என்றான். நானும் ஒரு காலத்தில் இதே தோரணையில் இதையேதான் சொன்னேன். அதற்காகத் தண்டமாகக் கொடுத்த காசு இன்னும் உறுத்துகிறது.

உலோகப் பாத்திரம் வைக்காதே, காலியாக ஓட்டாதே என்பதெல்லாம் பெட்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சூடாகவில்லை என்றதும் மேக்னட்ரானை மாற்றுவது

விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, தட்டு சுற்றுகிறது. உள்ளே வைத்த தண்ணீர் மட்டும் வைத்தபடியே இருக்கிறது. இந்த ஒரே அறிகுறியை மேக்னட்ரானும் காட்டும். மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு, மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர், மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்பார்மர், கதவு ஸ்விட்ச் ஆகியவையும் காட்டும். இவற்றை இணைக்கும் கம்பிகளின் முனைகளும் காட்டும். அந்தக் கடைசி ஆசாமியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கதை இப்படிப் போனது. முதலில் டயோடை மல்டிமீட்டரில் வைத்தேன். இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தும் ஓட்டம் இல்லை. சரி, டயோடு போய்விட்டது என்று புதிது வாங்கி வந்தேன். பொருத்தும் முன் அதையும் சும்மா சோதித்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே! கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதது என் நல்ல காலம். உயர் மின்னழுத்த டயோடுக்குள் பல டயோடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். சாதாரண மீட்டர் கொடுக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு அது அசையாது. 9 வோல்ட் பேட்டரி ஒன்றை டயோடோடு தொடராக இணைத்து, மீட்டரை வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சில வோல்ட் காட்டி, மறுபக்கம் ஒன்றும் காட்டாவிட்டால் டயோடு நன்றாக இருக்கிறது என்று பொருள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

டயோடு மாற்றியும் சூடாகவில்லை. அப்படியானால் மேக்னட்ரான்தானே? உள்ளே இருப்பதிலேயே விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. வாங்கினேன், பழைய கம்பிகளை அப்படியே கழற்றிப் புதியதில் செருகினேன், ஓட்டினேன். தண்ணீர் அப்போதும் வைத்தபடியே இருந்தது. பொருத்திய பாகத்தைக் கடையில் திரும்ப வாங்கவும் மாட்டார்கள்.

இரண்டு நாள் அதைப் பார்க்கவே பிடிக்காமல் மூலையில் போட்டு வைத்திருந்தேன். அப்புறம் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தபோதுதான் மேக்னட்ரானுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் முனை கறுத்திருந்தது கண்ணில் பட்டது. தொட்டால் ஆடியது. மேல் உறை பொரிந்து போயிருந்தது. அந்த இரண்டு கம்பிகள் வழியாகத்தான் மேக்னட்ரானுக்குள் சூடேற வேண்டிய இழைக்கு மின்சாரம் போகிறது. மூன்று வோல்ட் சொச்சம்தான். ஆனால் ஆம்பியர் பத்துக்குப் பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இணைப்பில் 0.1 ஓம் தடை கூடினாலே ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மிச்சம் இருக்கிற இரண்டு வோல்ட்டில் இழை தேவையான அளவு காயாது. இழை காயாவிட்டால் அலையும் இல்லை, சூடும் இல்லை.

கறுத்த முனையை வெட்டி எறிந்து புது முனை வைத்து அழுத்தினேன். தண்ணீர் கொதித்தது. எரிச்சல் என்னவென்றால், பழைய மேக்னட்ரானை மறுபடி பொருத்திப் பார்த்தேன், அதிலும் கொதித்தது.

ஆகவே மேக்னட்ரானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன், பிளக்கைக் கழற்றி, கீழே சொல்லியிருக்கிறபடி கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, அதன் இரண்டு கம்பிகளையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது, கறுத்திருக்கக் கூடாது. கம்பிகளைக் கழற்றிவிட்டு மேக்னட்ரானின் இரண்டு முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் மேக்னட்ரானின் உடம்புக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் அது போய்விட்டது, மாற்றுங்கள். ஆனால் இந்தச் சோதனையில் தேறிய எல்லாமே நல்லவை என்றும் சொல்லிவிட முடியாது. வயதாகித் தளர்ந்தவையும் தேறும். அதனால்தான் மற்றவற்றையெல்லாம் முதலில் பார்த்து முடிக்கச் சொல்கிறேன்.

அந்தப் பையன் கொண்டுவந்த பெட்டியில் என்ன கோளாறு தெரியுமா? கதவுக் கொக்கியின் முனை தேய்ந்து, ஸ்விட்ச் முழுதாக அமுங்கவில்லை. விரல் நகம் அளவு பிளாஸ்டிக்.

பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்று கை வைப்பது

இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன். இந்தப் பெட்டிக்குள் நாலாயிரம் வோல்ட் வரை உருவாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கலாம். மெல்ல வடிப்பதற்கென்று பெரும்பாலும் உள்ளேயே ஒரு தடை (ரெசிஸ்டர்) வைத்திருப்பார்கள். அந்தத் தடை அறுந்துபோனால் வெளியில் இருந்து தெரியவே தெரியாது. சில நிமிடம் காத்திருந்து, நல்ல உறையுள்ள கைப்பிடி கொண்ட கருவியால் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் இணைத்து, பிறகு ஒவ்வொரு முனையையும் பெட்டியின் உடம்போடு இணைத்து வடித்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உயர் மின்னழுத்தப் பக்கம் மீட்டரை நீட்டுகிறவர்களை நான் என் மேஜைக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. இதைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தால் நல்லது. மூடியைக் கழற்ற வேண்டாம். கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மூடியைக் கழற்றவே தேவையில்லை.

ஃபியூஸுக்குப் பதில் கம்பி

கூடவே கூடாது.

ஏன் என்று கேட்பவர்களுக்கு: கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போனால், பெரும்பாலும் அது விபத்தல்ல. கதவருகே கண்காணிப்பு ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. கதவு திறந்தும் முதன்மை ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு துண்டிக்காமல் இருந்தால், இது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். கதவு திறந்தபடி பெட்டி ஓடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த முறையும் போகும். அந்த இரண்டு ஸ்விட்சுகளையும் சேர்த்து மாற்றுங்கள். ஷார்ட் ஆனபோது இரண்டின் முனைகளும் அடி வாங்கியிருக்கும்.

தீப்பொறி வந்தும் ஓட்டிக்கொண்டே இருப்பது

உள்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கம், அட்டை மாதிரி ஒரு சதுரம் இருக்கும். அது மைக்கா தகடு. அலை உள்ளே வரும் வாசல் அதற்குப் பின்னால்தான். தெறித்த உணவும் எண்ணெயும் அதில் படிந்து, காய்ந்து, கரியாகி, கரியில் பொறி பறக்கும். "சூடு ஆகுதே" என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் தகடு ஓட்டையாகும், கடைசியில் மேக்னட்ரானின் முனையில் உள்ள உலோகத் தொப்பியே உருகும். மைக்கா தனித் தாளாகவே கிடைக்கிறது. பழையதை வைத்து அளவெடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். அவசரத்துக்கு அலுமினியத் தாளை ஒட்டியவரைப் பார்த்திருக்கிறேன். என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சூடு குறைந்துவிட்டது என்று கண்ணால் முடிவு செய்வது

அளக்க முடியும். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். முழுத் திறனில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கி, மறுபடி பாருங்கள். கூடிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் வாட். 10 டிகிரி கூடினால் 700. பின்பக்கம் எழுதியிருக்கும் பெரிய எண்ணோடு இதை ஒப்பிட்டுவிட்டு அடித்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் பெட்டி இழுக்கும் மின்சாரம், உணவுக்குப் போய்ச் சேர்வது அல்ல. வீட்டு மின்னழுத்தம் இறங்கியிருந்தாலும் சூடு குறையும்.

சுவரோடு ஒட்டி வைப்பது

பாதியில் நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிறதா? சூடான காற்று வெளியேற இடமில்லாமல் பெட்டி காய்ந்து நிற்கலாம். முதலில் அதை முன்னால் இழுங்கள்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்பது

தட்டு ஒரு நாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் சுற்றுகிறது என்று தூக்கி வருகிறார்கள். அந்தச் சின்ன மோட்டாருக்கு எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒன்றுதான். குறைந்த திறனில் வைத்தால் உறுமல் விட்டு விட்டுக் கேட்கிறது என்பார்கள். டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி திறனைக் குறைக்கும் விதமே அதுதான்: கொஞ்ச நேரம் முழுத் திறனில் ஓடும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். தட்டு சுற்றவே இல்லையென்றால் அது வேறு. அப்போதும் மோட்டார் வாங்க ஓடாமல், தட்டைத் தூக்கி அடியில் இருக்கும் சக்கர வளையத்தைக் கழுவிப் பாருங்கள்.